எட்டு மணிச் சண்டைக்கு ஐந்து மணி வைத்தியம்!

ராத்திரி எட்டு மணிக்கு உங்கள் தெருவில் ஒரு நடை நடந்து பாருங்கள். சின்னப் பிள்ளைகள் இருக்கிற வீடுகளில் ஒரே வசனம்தான் கேட்கும். ‘‘ஒரே ஒரு வாய்டா கண்ணா... இதுதான் கடைசி வாய்!’’

அந்தக் கடைசி வாய்க்குப் பின்னால் இன்னும் பத்துக் ‘கடைசி வாய்’ வரிசையில் நிற்கும். அம்மா கையில் தட்டு, பிள்ளை கையில் செல்போன். ‘‘இன்னுமா ஊட்டி முடியலை?’’ என்று அப்பா தன் பங்குக்கு ஓர் அதட்டல். கடைசியில் பிள்ளை அழுதபடி தூங்கும். அம்மா அழாத குறையாகப் பாத்திரம் கழுவப் போவார்.

என்னிடம் வரும் தாய்மார்கள் பலர் கேட்பது இதுதான்: ‘‘டாக்டர், பசி எடுக்க ஏதாவது சூரணம் கொடுங்க. ராத்திரி எதை வெச்சாலும் வேண்டாங்கறான்.’’

சூரணம் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. ஆனால், அதற்கு முன் நான் ஒரு கேள்வி கேட்பேன். ‘‘சாயந்திரம் என்னம்மா சாப்பிட்டான்?’’

‘‘ஒண்ணுமே இல்லை டாக்டர்! ஸ்கூல் விட்டு வந்ததும் ஒரு டம்ளர் பால், நாலு பிஸ்கட். டியூஷன் போறப்ப ஒரு சின்ன சிப்ஸ் பாக்கெட். தாத்தா வாங்கிட்டு வந்த பப்ஸ்ல பாதி. அவ்வளவுதான்!’’

அவ்வளவுதானா? நான்கு வயதுப் பிள்ளையின் வயிற்றுக்கு அது ஒரு முழுச் சாப்பாடு ஆயிற்றே! அதற்கு மேல் ஏழரை மணிக்குத் தட்டை நீட்டினால் அந்தப் பிள்ளை என்ன செய்யும்? அது அடம் பிடிக்கவில்லை. ‘பசிக்கலை’ என்று உண்மையைச் சொல்கிறது. நமக்குத்தான் அது காதில் விழுவதில்லை.

பசிக்காத வயிற்றில் திணிக்காதீர்கள்

திருக்குறளில் ‘மருந்து’ என்று ஓர் அதிகாரம் உண்டு. 95-ஆவது அதிகாரம். முன்பு சாப்பிட்டது செரித்துவிட்டதா என்று பார்த்துச் சாப்பிடுகிறவனுக்கு மருந்தே தேவையில்லை என்கிறார் வள்ளுவர். பெரியவர்களுக்கு மட்டும் சொன்னதல்ல இது.

சித்த மருத்துவத்தில் குழந்தைகளுக்கான பகுதியைப் ‘பாலவாகடம்’ என்போம். அதில் ‘மாந்தம்’ என்ற நோய்க்குப் பெரிய இடம் உண்டு. உங்கள் பாட்டி சொல்லிக் கேட்டிருப்பீர்கள்: ‘‘பிள்ளைக்கு மாந்தம் தட்டியிருக்கு.’’ செரிக்காமல் கிடக்கும் வயிற்றின் மேல் மறுபடி மறுபடி உணவைப் போட்டால் வயிறு உப்பும், வாந்தி வரும், பிள்ளை சிணுங்கும், அடுத்த வேளைப் பசியும் போய்விடும். ராத்திரி கட்டாயப்படுத்தி ஊட்டினால் காலையில் இட்லியைக் கண்டதும் அதே பிள்ளை முகத்தைத் திருப்புவது இதனால்தான்.

முன்னே நல்லா சாப்பிட்டானே!

‘‘ஒரு வயசு வரைக்கும் கொடுத்ததை எல்லாம் சாப்பிட்டான் டாக்டர். இப்பத்தான் இப்படி’’ என்பார்கள். அதற்குக் காரணம் இருக்கிறது. மூன்று கிலோவில் பிறந்த குழந்தை முதல் பிறந்த நாளுக்குள் ஒன்பது கிலோவைத் தொடுகிறது. மூன்று மடங்கு! அதற்குப் பிறகோ வருடத்துக்குச் சுமார் இரண்டு கிலோதான் ஏறும். வளர்ச்சியின் வேகம் குறைந்தால் பசியும் குறையத்தானே செய்யும்?

இன்னொன்று, இரண்டு வயதிலிருந்து ஆறு வயது வரை புதுப் பண்டம் எதைக் கண்டாலும் பிள்ளைகளுக்குச் சந்தேகம். இனிப்பைத் தானாக நாடும், கசப்பைத் துப்பும். இது இயற்கை. ஒரு பதார்த்தம் பத்துப் பதினைந்து தடவை தட்டில் வந்து போன பிறகுதான் சில பிள்ளைகள் அதைத் தொட்டே பார்க்கும். நாம் என்ன செய்கிறோம்? இரண்டு தடவை வைத்துவிட்டு, ‘‘இவனுக்கு பீன்ஸ் பிடிக்காது’’ என்று முத்திரை குத்திவிடுகிறோம். அவனும் அதைக் கேட்டு, ‘ஆமாம், எனக்கு பீன்ஸ் பிடிக்காது’ என்று மனதில் எழுதிக்கொள்கிறான்!

ஐந்து மணி வைத்தியம்

ராத்திரிச் சாப்பாட்டைச் சரிசெய்ய வேண்டுமானால் சாயந்திரத்திலிருந்து தொடங்குங்கள். நேரத்தைச் சொல்கிறேன், குறித்துக்கொள்ளுங்கள்.

பள்ளி விட்டு வந்ததும், ஐந்து மணிக்குள் ஒரே ஒரு சிற்றுண்டி. ஒரு சிறு கிண்ணம் சுண்டல், ஒரு வாழைப்பழம், ஒரு எள்ளுருண்டை, இவற்றில் ஏதாவது ஒன்று. கூட அரை டம்ளர் பால். ஐந்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைக்கு முழு வேர்க்கடலை, முழுக் கொண்டைக்கடலை வேண்டாம், மூச்சுக்குழாயில் சிக்கிக்கொள்ளும். மசித்தோ, பொடித்தோ கொடுங்கள்.

அதற்குப் பிறகு ஏழு மணி வரை தண்ணீர் மட்டும். பிஸ்கட், சிப்ஸ், இன்னொரு டம்ளர் பால், எதுவும் கிடையாது. இந்த இரண்டு மணி நேரத்தில் ஒரு மணி நேரமாவது ஓடி விளையாட விடுங்கள். மொட்டை மாடியானாலும் சரி, தெருவானாலும் சரி. இதைவிட நல்ல பசி மருந்து எந்த வைத்தியரிடமும் கிடையாது.

ஏழு, ஏழேகாலுக்குச் சாப்பாடு. ஒன்பது மணிக்குத் தூக்கம். நடுவில் செரிக்க நேரம் வேண்டுமே!

பால் விஷயத்தில் ஓர் எச்சரிக்கை. ஒரு நாளைக்கு 400 முதல் 500 மில்லி போதும். ‘சாப்பாடுதான் சாப்பிடலை, பாலாவது குடிக்கட்டும்’ என்று ஒரு லிட்டர் கொடுத்தால் பசி மந்தமாகும், இரும்புச்சத்தும் குறையும். அதில் கலக்கும் மாவு டப்பாக்களிலும் சர்க்கரை அதிகம். இப்படிப்பட்ட பானங்களை ‘ஹெல்த் டிரிங்க்’ என்ற பிரிவில் காட்ட வேண்டாம் என்று இணைய விற்பனை நிறுவனங்களுக்கு மத்திய வர்த்தக அமைச்சகமே 2024 ஏப்ரலில் அறிவுறுத்தியது.

யாருக்கு எந்த வேலை?

என்ன சமைப்பது, எத்தனை மணிக்கு, எங்கே உட்கார்ந்து சாப்பிடுவது, இந்த மூன்றும் உங்கள் வேலை. எவ்வளவு சாப்பிடுவது என்பது பிள்ளையின் வேலை. எலின் சாட்டர் என்ற அமெரிக்க உணவியல் நிபுணர் வகுத்துச் சொன்ன முறை இது. நம் கூட்டுக் குடும்பங்களில் பிள்ளைகளை வரிசையாக உட்கார வைத்து, ஒரே குழம்பை எல்லாருக்கும் ஊற்றிவிட்டு, வேண்டியதைச் சாப்பிட்டு எழுந்திருக்க விட்டார்களே, அதுவும் கிட்டத்தட்ட இதேதான்.

எல்லாரும் சேர்ந்து உட்காருங்கள். போன், டி.வி. இரண்டுக்கும் அரை மணி லீவு. தட்டில் அவனுக்குப் பழக்கமான ஒன்று, புதிதாக ஒன்று. புதியதை ஒரு ஸ்பூன் அளவுக்கு மேல் வைக்காதீர்கள். ‘சாப்பிடு’ என்று கெஞ்ச வேண்டாம். ‘சாப்பிட்டா சாக்லேட்’ என்ற லஞ்சமும் வேண்டாம். இருபது, இருபத்தைந்து நிமிடம் ஆனதும் முகம் சுளிக்காமல் தட்டை எடுத்துவிடுங்கள். அதற்கப்புறம் அவனுக்கென்று தனியாக நூடுல்ஸ் கிண்டக் கூடாது!

திங்கள் முதல் வெள்ளி வரை

‘‘ஆபீஸ் விட்டு வரவே ஆறரை ஆயிடுது டாக்டர், எப்ப சமைக்கறது?’’ என்கிறீர்களா? கீழே சொல்வதெல்லாம் அரை மணிக்குள் முடிகிற வேலை. வீட்டில் எல்லாருக்கும் அதே சமையல்தான். பிள்ளைக்குக் காரத்தை மட்டும் குறையுங்கள்.

திங்கள்: கொங்கு நாட்டு அரிசிம்பருப்பு சாதம். அரிசி ஒரு டம்ளர், துவரம் பருப்பு கால் டம்ளருக்குக் கொஞ்சம் கூட. சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, சீரகம், மிளகு, மஞ்சள் தாளித்து, மூன்றரை டம்ளர் தண்ணீர் விட்டு நான்கு விசில். மேலே ஒரு ஸ்பூன் உருக்கிய நெய்.

செவ்வாய்: பாசிப்பயறு தோசை. காலையில் கிளம்பும்போது ஒரு டம்ளர் பயறும் ஒரு பிடி அரிசியும் ஊறப்போட்டு, வந்ததும் சீரகம், பெருங்காயம் சேர்த்து அரையுங்கள். புளிக்க வைக்க வேண்டியதில்லை. உள்ளங்கை அளவில் குட்டிக் குட்டியாக வார்த்தால் பிள்ளைகள் எண்ணி எண்ணிச் சாப்பிடும்.

புதன்: இருக்கிற இட்லி மாவில் முட்டை தோசை. ஒரு முட்டையில் சுமார் 6 கிராம் புரதம். முட்டை சாப்பிடாதவர்கள் கறிவேப்பிலைப் பொடி தூவி நல்லெண்ணெய் விட்டு வார்க்கலாம். கூட ஒரு கிண்ணம் பருப்பு.

வியாழன்: கோதுமை ரவைக் கிச்சடி. ரவை ஒரு டம்ளர், பாசிப்பருப்பு அரை டம்ளர். கேரட், பீன்ஸ், பட்டாணி பொடியாக நறுக்கிப் போட்டு, நான்கு டம்ளர் தண்ணீர், மூன்று விசில்.

வெள்ளி: கேழ்வரகு தோசை. கேழ்வரகு மாவு ஒரு டம்ளர், அரிசி மாவு கால் டம்ளர், மோர் விட்டுக் கரைத்து, பொடியாக நறுக்கிய வெங்காயம், கறிவேப்பிலை. 100 கிராம் கேழ்வரகில் 300 மில்லிகிராமுக்கு மேல் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது.

‘கீரையைக் காணோமே’ என்று கேட்பீர்கள். ராத்திரியில் கீரையும் தயிரும் தவிர்ப்பது எங்கள் சித்த மரபு. கீரையைப் பருப்போடு மசித்து மதிய டப்பாவில் வையுங்கள். ராத்திரிக்குத் தயிரை நீர் மோராக்கிக் கொடுங்கள்.

எப்போது வைத்தியரைப் பார்க்க வேண்டும்?

எல்லாப் பிள்ளைக்கும் இந்த ஐந்து மணி வைத்தியம் மட்டும் போதாது. எடை ஏறவே இல்லை அல்லது குறைகிறது; கண் இமையின் உள்பக்கமும் நாக்கும் வெளுத்திருக்கின்றன; மண், சாக்பீஸ், பச்சை அரிசி தின்கிறது; விழுங்கச் சிரமப்படுகிறது; அடிக்கடி வாந்தி அல்லது மலச்சிக்கல்; மொத்தமாக நாலைந்து பண்டம்தான் சாப்பிடுகிறது. இவற்றில் ஒன்று இருந்தாலும் தாமதிக்காமல் காட்டுங்கள்.

முக்கியமாக ரத்தசோகை. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பின்படி, இந்தியாவில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்கு உட்பட்ட குழந்தைகளில் நூற்றுக்கு 67 பேருக்கு ரத்தசோகை. இரும்புச்சத்துக் குறைவு பசியைக் கெடுக்கும். சாப்பிடாததால் சத்து இன்னும் குறையும். வெளியே பார்த்தால் வெறும் அடம் போலத்தான் தெரியும். ஒரு சின்ன ரத்தப் பரிசோதனை விஷயத்தைச் சொல்லிவிடும்.

பூச்சி மருந்தையும் மறக்க வேண்டாம். 2015-லிருந்து தேசியக் குடற்புழு நீக்க நாளன்று ஒன்று முதல் 19 வயது வரை அங்கன்வாடியிலும் பள்ளியிலும் இலவசமாக மாத்திரை கொடுக்கிறார்கள்.

பசி எடுக்கும் சிரப்பை நீங்களாகக் கடையில் கேட்டு வாங்காதீர்கள். சில சிரப்புகள் பிள்ளையைத் தூக்கத்தில் தள்ளும். சூரணத்துக்கும் இதே விதிதான். சித்த மருந்து என்பதற்காக அளவு தெரியாமல் கொடுப்பது சரியல்ல. சர்க்கரை நோய் போன்றவற்றுக்கு மருந்து எடுக்கும் பிள்ளைகளுக்குச் சாப்பாட்டு நேரத்தை மாற்றும் முன் அவர்களுடைய டாக்டரைக் கேளுங்கள்.

தாத்தா, பாட்டிக்கு ஒரு வார்த்தை

பேரப்பிள்ளைக்கு வாங்கிக் கொடுக்காமல் உங்களால் இருக்க முடியாது, தெரியும். வாங்குங்கள். ஆனால், பப்ஸுக்குப் பதில் கொய்யாப்பழமாக வாங்குங்கள். அதையும் ஐந்து மணிக்குள் கொடுத்துவிடுங்கள்.

முதல் மூன்று நான்கு நாள் கஷ்டமாகத்தான் இருக்கும். ஆறு மணிக்கு பிஸ்கட் டப்பாவைத் தேடும், அழும். ஒரு ராத்திரி இரண்டு வாயோடு எழுந்தும் போகும். பதறாதீர்கள். நன்றாக விளையாடுகிற, எடை சரியாக ஏறுகிற பிள்ளை ஒரு ராத்திரி குறைவாகச் சாப்பிட்டால் ஒன்றும் ஆகிவிடாது. காலையில் அதுவே வந்து இட்லி கேட்கும். இரண்டு மூன்று வாரம் விடாமல் செய்து பாருங்கள். பிஸ்கட் டப்பாவை மட்டும் இன்றைக்கே மேல் தட்டில் ஏற்றிவிடுங்கள்!