பழைய கணக்குக் கம்ப்யூட்டருக்கு மெமரி கூட்டுமுன்

1990களில் வாங்கிய 486 கம்ப்யூட்டரை இன்றும் கழிக்காமல் வைத்திருக்கும் வணிகர்கள் உண்டு. பழைய பேரேடும் பாக்கிப் பட்டியலும் அதில்தான் இருக்கும். "மெமரி போதவில்லை" என்று திரையில் வந்தவுடன் கடைக்கு ஓட வேண்டாம்.

ஹார்ட் டிஸ்க் என்பது குடோன். மெமரி என்பது சரக்கை எடுத்து வைத்து நிறுக்கும் மேஜை. ஆனால் டாஸில் ஓடும் கணக்குப் புரோகிராம்கள் பெரும்பாலும் முதல் 640 கிலோபைட்டுக்குள்தான் புழங்கும். 4 மெகாபைட்டை 16 ஆக்கினாலும் அந்த 640 கூடாது. ஆகவே முதலில் 'மெம்' கட்டளை கொடுத்து, அதில் எவ்வளவு காலி என்று பாருங்கள். 1991ல் வந்த டாஸ் 5 முதல், கான்ஃபிக்.சிஸ் கோப்பில் ஹைமெம்.சிஸ் வரியும் 'டாஸ்=ஹை' வரியும் சேர்த்தால், டாஸின் ஒரு பகுதி மேலே ஏறி இடம் விடும். இதற்குக் காலணா செலவில்லை.

விண்டோஸ் ஓட்டுவோருக்கு மெமரி கூட்டினால் பலன் உண்டு. வாங்குமுன் பெட்டியைத் திறந்து வகையைப் பாருங்கள். 'சிம்' எனப்படும் சிறு பலகைகள் (செல்போன் சிம் அல்ல) 30 பின், 72 பின் என இரு வகை. 30 பின் பலகை ஒரு தடவைக்கு 8 பிட்தான் கொடுக்கும். 486 கேட்பதோ 32 பிட். எனவே ஒரே அளவில் நான்கு வேண்டும். இது தெரியாமல் நான் இரண்டு வாங்கினேன். அவை மேஜை அறையில் தூங்கின. 72 பின் என்றால் 486க்கு ஒன்று போதும். பென்டியத்திற்கு ஜோடியாக வேண்டும்.

கை வைக்குமுன் இரண்டு வேலை. ஒன்று, கணக்கு முழுவதையும் நகல் எடுங்கள். இரண்டு, செட்டப் திரையில் ஹார்ட் டிஸ்க்கின் சிலிண்டர், ஹெட், செக்டர் எண்களைத் தாளில் எழுதுங்கள். உள்ளிருக்கும் பேட்டரி தீர்ந்தால் இவை அழியும். பிறகு குடோன் இருந்தும் சாவி இல்லாத கதைதான். பேட்டரி கசிந்து பச்சை பூத்திருந்தால் அதைத்தான் முதலில் கவனிக்க வேண்டும்.

பிளக்கைப் பிடுங்கி, பெட்டியின் இரும்பைத் தொட்டபின் பலகையை எடுங்கள். சாய்வாகச் செருகி நிமிர்த்தினால் இருபுறக் கொக்கியும் பிடிக்கும். இயக்கியதும் திரை புதிய அளவை எண்ணிக் காட்டும். செட்டப் கேட்டால் உள்ளே சென்று பதிந்து வெளிவரவும்.

மெமரி பழுதானால் வேறு தேடி வாங்கலாம். கணக்குப் போனால் மகிழ்வது பாக்கிக்காரர் மட்டுமே.