உஷார்! ‘ரிசர்ச் சர்ட்டிபிகேட்’ வாங்கினால் டாக்டர் சீட் கிடைக்காது

பிளஸ் டூ படிக்கிற பிள்ளை உள்ள வீடா? அப்படியானால் உங்கள் வாட்ஸ்அப்புக்கும் இந்த மாதிரி ஒன்று வந்திருக்கும், இல்லையென்றால் சீக்கிரமே வரும்: ‘நாளைய டாக்டருக்கு இன்றே கிளினிக்கல் ரிசர்ச் அனுபவம்! நாலே வாரம், வீட்டிலிருந்தபடியே. சர்ட்டிபிகேட் நிச்சயம். சர்வதேச இதழில் உங்கள் பிள்ளை பெயரில் ஆய்வுக் கட்டுரை!’ கீழே ஒரு கியூஆர் கோடு இருக்கும். பணம் அனுப்புவதற்கு முன் ஐந்து நிமிடம் ஒதுக்கி இதைப் படித்துவிடுங்கள்.

இந்தியாவில் எம்.பி.பி.எஸ். சீட்டைத் தீர்மானிப்பது நீட் மதிப்பெண். மொத்தம் 720, அதில் உயிரியலுக்கு மட்டும் 360. முன்பெல்லாம் எய்ம்ஸும் ஜிப்மரும் தனித்தேர்வு வைத்தன. 2020 முதல் அங்கும் நீட்தான். தமிழ்நாட்டுக் கவுன்சலிங்கில் இட ஒதுக்கீடு உண்டு, அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. ஆராய்ச்சி செய்த பிள்ளைக்கென்று ஒரு ஒதுக்கீடும் கிடையாது, அரை மார்க் கூடப் போட மாட்டார்கள். பிறகு எம்.டி., எம்.எஸ். சேரும்போதும் பெரும்பாலும் நீட் பி.ஜி. ரேங்க்தான் பேசும். ‘ரிசர்ச் பண்ணின பசங்களுக்கு முன்னுரிமை சார்’ என்று போனில் ஒருவர் குழைந்தால், அவர் சொல்வது பச்சைப் பொய்.

‘அமெரிக்காவில் கேட்கிறார்களாமே?’ என்பீர்கள். கேட்கிறார்கள். பாதி உண்மை என்பதால்தான் இந்த வியாபாரம் ஓடுகிறது. அங்கே மருத்துவக் கல்லூரிக்குள் நுழைவதற்கே பெரும்பாலும் முதலில் ஒரு பட்டப்படிப்பை முடித்திருக்க வேண்டும். அந்த வருடங்களில் ஆய்வில் வேலை பார்த்த அனுபவத்தை மதிக்கிறார்கள். அந்நாட்டின் மருத்துவ உரிமத் தேர்வான யு.எஸ்.எம்.எல்.இ.-யின் முதல் கட்டத்தில் 2022 ஜனவரியிலிருந்து மதிப்பெண் கிடையாது, பாஸ் அல்லது பெயில் மட்டும். அதன் பிறகு மேற்படிப்பு இடங்களுக்குக் கட்டுரை எண்ணிக்கையைக் காட்டும் ஓட்டம் இன்னும் கூடியது. கல்லூரி சேர்க்கைக்காக அந்த ஓட்டம் பள்ளிப் பிள்ளைகள் வரை இறங்கிவிட்டது. ஆயிரக்கணக்கான டாலர் வாங்கிக்கொண்டு உயர்நிலைப் பள்ளி மாணவர்களை ‘ஆய்வாளர்’ ஆக்கும் நிறுவனங்களைப் பற்றி அமெரிக்கச் செய்தி நிறுவனங்களான புரோபப்ளிகாவும் குரோனிக்கிள் ஆஃப் ஹையர் எஜுகேஷனும் 2023-இல் விரிவாக எழுதின. நம்மூர்ப் பெற்றோருக்கு விற்கப்படுவதும் ஏறக்குறைய அதே சரக்குதான், விலை மட்டும் ரூபாயில்.

பணம் போனால் சம்பாதித்துக்கொள்ளலாம். அந்த ‘ஆய்வுக் கட்டுரை’யைத்தான் நினைத்தால் எனக்குப் பகீர் என்கிறது. காசு கொடுத்தால் எதையும் அச்சிடும் போலி இதழ்கள் இருக்கின்றன. பெரிய பதிப்பகங்களே போலிக் கட்டுரைகளில் சிக்கியிருக்கின்றன. வைலி நிறுவனத்தின் ஹிந்தாவி இதழ்கள் 2023-இல் மட்டும் 8,000-க்கும் மேற்பட்ட கட்டுரைகளைத் திரும்பப் பெற்றன. திரும்பப் பெற்றால் அழித்துவிடுவார்கள் என்று நினைக்காதீர்கள். ‘திரும்பப் பெறப்பட்டது’ என்ற முத்திரையோடு, ஆசிரியர்களின் பெயர்களோடு, அது இணையத்திலேயே இருக்கும். பத்து வருடம் கழித்து வேலைக்கு எடுக்கும் மருத்துவமனை பெயரைத் தட்டிப் பார்த்தால் முதலில் அதுவே வந்து நிற்கலாம். மருத்துவ இதழாசிரியர்களின் சர்வதேசக் குழு வகுத்த விதிப்படி, கட்டுரையில் பெயர் போட்டுக்கொள்பவர் அந்த வேலையில் உண்மையான பங்கு வகித்திருக்க வேண்டும், அதன் நேர்மைக்கும் பொறுப்பேற்க வேண்டும். பதினேழு வயதுப் பிள்ளையின் தலையில் ஏற்றுகிற சுமையா இது?

இன்னொன்றும் நடக்கிறது, இது நோயாளிகளை நேரடியாகப் பாதிப்பது. ‘டேட்டா கலெக்‌ஷன்’ என்று சொல்லி நோயாளிகளின் கேஸ் ஷீட் படங்களைப் பிள்ளைகளின் போனுக்கு அனுப்பிவிட்டு, எக்செல்லில் ஏற்றச் சொல்வார்கள். பெயர், வயது, நோய் எல்லாம் அதில் அப்பட்டமாகத் தெரியும். அந்த நோயாளியிடம் யார் ஒப்புதல் வாங்கினார்கள்? எந்த எத்திக்ஸ் கமிட்டி அனுமதித்தது? பதில் வராவிட்டால் அன்றைக்கே பிள்ளையை வெளியே கொண்டுவாருங்கள்.

கிளினிக்கல் ரிசர்ச் அனுபவமே வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உண்மையான அனுபவம் ஒரு மருத்துவரை எப்படிச் செதுக்கும் என்பதற்கு சென்னையிலேயே சாட்சி இருக்கிறது. 1956-இல் இங்கே காசநோய் சிகிச்சை ஆய்வு மையம் தொடங்கப்பட்டது. சேத்துப்பட்டில் இருக்கும் இன்றைய தேசிய காசநோய் ஆராய்ச்சி நிறுவனம் அதிலிருந்து வளர்ந்ததுதான். அந்தக் காலத்தில் காசநோய் என்றால் சானடோரியம். ஓய்வும் நல்ல காற்றும் சத்தான சாப்பாடும் இல்லாமல் குணமாகாது என்று நம்பினார்கள். இங்கே நோயாளிகளைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். ஒரு பிரிவு சானடோரியத்துக்குப் போனது, இன்னொரு பிரிவு நெரிசலான தன் வீட்டிலேயே இருந்தது. இரு தரப்புக்கும் ஒரே மருந்து, ஒரு வருடம். பணியாளர்கள் சொல்லாமல் கொள்ளாமல் வீட்டுக்குப் போய் மிச்சமிருக்கும் மருந்தை எண்ணினார்கள். விழுங்கினேன் என்று சொல்பவர் உண்மையிலேயே விழுங்கினாரா என்று சிறுநீரைச் சோதித்தார்கள். 1959-இல் வந்த முடிவு உலகத்தையே திருப்பிப் போட்டது. வீட்டிலிருந்தவர்களும் ஏறக்குறைய அதே அளவு குணமானார்கள். கூட வாழ்ந்த குடும்பத்தாருக்கும் அதனால் கூடுதலாக நோய் தொற்றவில்லை. சானடோரியங்களின் காலம் முடிவுக்கு வந்ததில் இந்த ஆய்வுக்குப் பெரிய பங்கு உண்டு.

ஒரு மாணவர் கற்க வேண்டியதெல்லாம் அந்த மருந்து எண்ணும் வேலையில் இருக்கிறது. மறுபரிசோதனைக்கு வராத நோயாளியைத் தேடிப் போய், ஏன் வரவில்லை என்று திட்டாமல் கேட்பது. ஒப்புதல் படிவத்தைத் தமிழில் புரியும்படி சொல்லிவிட்டு, அவர் ‘வேண்டாம்’ என்றால் முகம் சுளிக்காமல் விடுவது. படிவத்தில் ஒரு கட்டம் காலியாக இருந்தால் உத்தேசமாக எதையாவது நிரப்பாமல் காலியாகவே வைப்பது. ஓ.பி. பெஞ்சில் உட்கார்ந்து கற்பதை ஜூமில் நாலு வாரத்தில் எப்படிச் சொல்லிக்கொடுப்பார்களாம்?

அந்த வாய்ப்பு எம்.பி.பி.எஸ். சேர்ந்த பிறகு தானாகவே வாசலுக்கு வரும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் (ஐ.சி.எம்.ஆர்.) குறுகிய கால மாணவர் ஆய்வுத் திட்டம் 1979 முதல் நடக்கிறது. சொந்தக் கல்லூரிப் பேராசிரியர் வழிகாட்ட, இரண்டு மாத ஆய்வு. மாணவர் கட்டணம் கட்ட வேண்டாம், வெற்றிகரமாக முடித்தால் அவருக்குத்தான் உதவித்தொகை. (மருந்து நிறுவன வேலைக்காகப் பட்டதாரிகள் படிக்கும் கிளினிக்கல் ரிசர்ச் டிப்ளமோ வேறு கதை, அதை இதோடு குழப்பிக்கொள்ளாதீர்கள்.)

இவ்வளவுக்குப் பிறகும் ஆசை விடவில்லையா? பணம் கட்டும் முன் எத்திக்ஸ் கமிட்டி அனுமதிக் கடிதத்தைக் கேளுங்கள். மருந்துப் பரிசோதனை என்றால் இந்திய மருத்துவப் பரிசோதனைப் பதிவேட்டின் (சி.டி.ஆர்.ஐ.) பதிவு எண்ணைக் கேளுங்கள். 2009 ஜூன் 15 முதல் இந்தப் பதிவு கட்டாயம், எண்ணை அரசின் தளத்தில் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம். வழிகாட்டி என்று சொல்லப்படும் டாக்டர் உண்மையிலேயே அந்தத் துறையில் இருக்கிறாரா என்று கல்லூரியின் அலுவலக எண்ணுக்கே போன் போட்டு விசாரியுங்கள். ‘இன்னும் ரெண்டு இடம்தான் மேடம், இன்னிக்கே கட்டிடுங்க’ என்று அவசரப்படுத்தினால் எண்ணை பிளாக் செய்துவிட்டு வேலையைப் பாருங்கள்.

ஏற்கெனவே கட்டி ஏமாந்திருந்தால் வெட்கப்பட்டு மறைக்காதீர்கள். ஆன்லைன் பணமோசடிக்கு 1930, நுகர்வோர் புகாருக்கு 1915. ரசீதையும் வாட்ஸ்அப் உரையாடலையும் அழிக்காமல் வைத்திருங்கள். கட்டுரை இன்னும் வெளிவரவில்லை என்றால், பிள்ளையின் பெயரை நீக்கச் சொல்லி அந்த இதழின் ஆசிரியருக்கு இன்றைக்கே மின்னஞ்சல் அனுப்புங்கள்.