காடு (1952 திரைப்படம்)

காடு என்பது 1952 ஆம் ஆண்டில் வெளிவந்த இந்திய-அமெரிக்கக் கூட்டுத் தயாரிப்புத் திரைப்படமாகும். சேலம் மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனத்தின் பங்கேற்புடன் உருவான இப்படம் ஆங்கிலத்தில் "தி ஜங்கிள்" என்னும் பெயரில் லிப்பர்ட் பிக்சர்ஸ் நிறுவனத்தால் வெளியிடப்பட்டது. வில்லியம் பெர்க் இயக்கிய இதில் ராட் கேமரன், சீசர் ரொமேரோ, மேரி வின்சர் ஆகியோர் முதன்மை வேடங்களில் நடித்தனர். எம். என். நம்பியாரும் இதில் நடித்துள்ளார். இந்தியாவில் எடுக்கப்பட்ட முதல் அறிவியல் புனைவுத் திரைப்படம் எனப் பலராலும் இது குறிப்பிடப்படுகின்றது. எனினும் திரையரங்குகளை விட்டு நீங்கிய பின் வீட்டுத் திரைகளில் இப்படம் பெற்ற இடம் மிகச் சிறியது.

பின்னணி

மாடர்ன் தியேட்டர்ஸ் நிறுவனர் டி. ஆர். சுந்தரம் (1907-1963) திருச்செங்கோட்டைச் சேர்ந்தவர். அவ்வூர் அன்று சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1997 முதல் நாமக்கல் மாவட்டத்தில் உள்ளது. இங்கிலாந்தின் லீட்சு நகரில் நெசவுத் தொழில்நுட்பம் பயின்று திரும்பிய அவர், 1935 ஆம் ஆண்டில் ஏற்காடு மலையடிவாரச் சாலையில் படப்பிடிப்பு நிலையத்தை நிறுவினார். சென்னையிலிருந்து 300 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட தொலைவில், நடிகர்களையும் கலைஞர்களையும் வரவழைத்துத் தங்கவைத்து, ஒரு தொழிற்சாலையைப் போல் நேரம் தவறாமல் படங்களைத் தயாரித்த நிறுவனம் இது.

முதல் மலையாளப் பேசும்படமான பாலன் (1938), பி. யு. சின்னப்பா இரட்டை வேடத்தில் நடித்த உத்தம புத்திரன் (1940), தமிழின் முதல் முழுநீள வண்ணப்படமான அலிபாபாவும் 40 திருடர்களும் (1956) ஆகியன இங்கு உருவானவை. அமெரிக்கரான எல்லிஸ் ஆர். டங்கன் மந்திரிகுமாரி (1950) படத்தைச் சுந்தரத்துடன் இணைந்து இயக்கியிருந்தார். ஆகவே அமெரிக்கத் தொழில்நுட்பக் கலைஞர்கள் சேலத்துக்குப் புதியவர்கள் அல்லர்.

லிப்பர்ட் நிறுவனமோ குறைந்த செலவில் விரைவாகப் படமெடுப்பதற்குப் பெயர் பெற்றது. ராக்கெட்ஷிப் எக்ஸ்-எம் (1950), லாஸ்ட் காண்டினென்ட் (1951) ஆகிய அறிவியல் புனைவுப் படங்களை அது வெளியிட்டிருந்தது. டைனோசர்கள் தோன்றும் இரண்டாவது படத்தின் நாயகனும் சீசர் ரொமேரோவே. ஒளிப்பதிவாளர் கிளைட் டி வின்னா, 1928 இல் வெளிவந்த ஒயிட் ஷாடோஸ் இன் தி சவுத் சீஸ் படத்துக்காக ஆசுக்கர் விருது பெற்றவர். தாகித்தியிலும் ஆப்பிரிக்காவிலும் படம்பிடித்த அனுபவம் உடையவர். பின்னணி இசையில் ஜி. ராமநாதனின் பங்களிப்பு உண்டு.

கதை

காட்டு விலங்குகள் திடீரென ஊர்களுக்குள் புகுந்து மக்களைத் தாக்குகின்றன. காரணத்தை அறிய இளவரசி (மேரி வின்சர்), அவரது அவையைச் சேர்ந்த ராமா சிங் (சீசர் ரொமேரோ), அமெரிக்க வேட்டைக்காரர் ஸ்டீவ் பென்ட்லி (ராட் கேமரன்) ஆகியோர் காட்டுக்குள் செல்கின்றனர். முன்னர் பென்ட்லியுடன் சென்ற குழுவில் இளவரசியின் உடன்பிறந்தவர் உயிரிழந்திருக்கிறார். குழுவினரைக் கொன்றவை மாமூத்துகள் என்ற பென்ட்லியின் கூற்றை எவரும் நம்புவதில்லை. பயணத்தின் பெரும்பகுதி வழக்கமான காட்டுப் படமாகவே நகர்கின்றது. மாமூத்துகள் இறுதிப் பகுதியில்தான் தோன்றுகின்றன. அதுவரை பொறுமை காக்க முடியாத விமரிசகர்கள் பலர்.

மாமூத்தும் யானையும்

படத்தில் வரும் மாமூத்துகள் உண்மையில் மயிர்ப் போர்வை போர்த்தப்பட்ட யானைகளே. அக்கால அமெரிக்கப் படங்களில் பொம்மைகளைச் சட்டகம் சட்டகமாக நகர்த்திப் படம்பிடிக்கும் முறையும், பல்லிகளுக்கு முதுகுத் துடுப்பு ஒட்டி டைனோசராகக் காட்டும் முறையும் வழக்கில் இருந்தன. யானைகள் எளிதில் கிடைக்கும் நாட்டில் மூன்றாவது வழி ஒன்று இருந்தது.

இத்தேர்வு உயிரியல் நோக்கிலும் பொருத்தமானது. இன்று வாழும் உயிரினங்களுள் கம்பளி மாமூத்துக்கு மிக நெருங்கிய உறவு ஆசிய யானையே. ஆப்பிரிக்க யானை அன்று என்பது பிற்கால மரபணு ஆய்வுகளில் உறுதியானது. படக்குழுவினர் இதை அறிந்து செய்திருக்க வாய்ப்பில்லை. ஆனால் கம்பளி மாமூத்து குளிர்நில விலங்கு. அதன் கடைசிக் கூட்டம் ஆர்க்டிக் பெருங்கடலின் ராங்கல் தீவில் ஏறத்தாழ 4000 ஆண்டுகளுக்கு முன் அழிந்தது. அது வெப்பமண்டலக் காட்டில் மறைந்து வாழ்ந்தது என்பது கற்பனை. நருமதைப் பள்ளத்தாக்கில் புதைபடிவமாகக் கிடைத்த பேருருவ யானையைக் கதைக்குக் கொண்டிருந்தால் இன்னும் நம்பும்படி இருந்திருக்கும்.

அறிவியல் புனைவா என்ற வினா

விண்கலமோ எந்திரமோ இல்லாத படத்தை அறிவியல் புனைவு எனலாமா என்ற ஐயம் எழக்கூடும். அழிந்துபோன உயிரினம் எங்கோ ஓரிடத்தில் எஞ்சியிருக்கின்றது என்னும் கதைவகை ஆர்தர் கோனன் டாயிலின் தி லாஸ்ட் வேர்ல்ட் (1912) புதினத்துக்குப் பின் அறிவியல் புனைவின் கிளையாகவே எண்ணப்படுகின்றது. அவ்வகையில் காடு தகுதி பெறுகின்றது. வேற்றுக்கோளினர் தமிழ்த் திரையில் தோன்றுவதற்கு, எம். ஜி. ஆர். நடித்த கலை அரசி (1963) வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

வீட்டுத் திரையில்

ஒரு பழைய படம் வீட்டுக்கு வந்து சேர மூன்று தேவை: சிதையாத படச்சுருள், அதை நிகழ்படமாக மாற்றுபவர், விலை கொடுத்து வாங்குபவர். 1980களில் வி. எச். எஸ். பேழைகளும், 1990களின் பிற்பகுதியில் விசிடி எனப்படும் நிகழ்படக் குறுந்தகடுகளும் தமிழ்நாட்டில் பரவின. 2007 ஆம் ஆண்டில் மோசர் பேயர் நிறுவனம் விசிடியை 28 ரூபாய்க்கும் டிவிடியை 34 ரூபாய்க்கும் விற்கத் தொடங்கியதும் பழைய படங்கள் பெருமளவில் வட்டுகளாயின. திருட்டு வட்டின் விலைக்கே அசல் வட்டு கிடைத்தது அதுவே முதன்முறை எனலாம்.

விசிடியின் படத்துல்லியம் 352 x 288 புள்ளிகள் மட்டுமே. டிவிடிக்கு 720 x 576. ஒரு விசிடியில் ஏறத்தாழ 74 நிமிட நிகழ்படம் அடங்கும். இரண்டரை மணி நேரத்தைத் தாண்டிய தமிழ்ப் படங்களுக்கு இரண்டு அல்லது மூன்று வட்டுகள் தேவைப்பட்டது இதனாலேயே. ஆங்கில வடிவில் காடு ஏறத்தாழ 73 நிமிடங்களே ஓடுவதால் ஒரே வட்டில் அடங்கிவிடும். மேலும், திரைப்படம் நொடிக்கு 24 சட்டகங்களும் இந்தியத் தொலைக்காட்சி முறை நொடிக்கு 25 சட்டகங்களும் கொண்டவை. நேரடியாக மாற்றும்போது படம் சற்றே விரைவாக ஓடி, 73 நிமிடம் 70 நிமிடமாகச் சுருங்கும். ஒரு காட்சியும் வெட்டப்படாமலேயே பழைய படத்தின் வட்டு குறைவான நேரத்தைக் காட்டுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

படத்தின் வடிவமும் கவனிக்கத்தக்கது. 1952 இல் வழக்கில் இருந்த திரை, ஏறக்குறைய பழைய தொலைக்காட்சிப் பெட்டியின் விகிதத்திலேயே இருந்தது. எனவே அக்காலப் படங்கள் விசிடியில் முழுமையாகப் பொருந்தின. அகலத்திரைத் தொலைக்காட்சிகள் வந்தபின் திரையை நிரப்புவதற்காக மேலும் கீழும் வெட்டி, நடிகர்களின் தலையைக் கொய்யும் வழக்கம் தொடங்கியது. தெளிவு கூடிய பதிப்பு எப்போதும் முழுமையான பதிப்பாக இருப்பதில்லை.

தொடர்ப் படங்களும் தனிப் படங்களும்

எப்படம் மீண்டும் மீண்டும் வீட்டுக்கு வருகின்றது என்பதைப் பெரும்பாலும் அதன் தொடர்ச்சியே முடிவு செய்கின்றது. ஸ்டார் ட்ரெக் வரிசை இதற்குத் தெளிவான சான்று. ஜே. ஜே. ஏப்ரம்சு இயக்கிய மீள்தொடக்கப் படம் 2009 மே 8 அன்று அமெரிக்கத் திரையரங்குகளில் வெளியானது. முதன்மைக் குழுவினரின் பழைய படங்கள் அடங்கிய புளூ-ரே தொகுப்பு நான்கே நாட்களில், மே 12 அன்று விற்பனைக்கு வந்தது. புதிய படத்தின் சொந்த வட்டுகள் நவம்பர் 17 அன்று வந்தன. திரையரங்கில் விடுபட்டுப் போன ஒரு விளக்கத்தையும் அவை அளித்தன: எதிர்நாயகன் நீரோ 25 ஆண்டுகள் எங்கிருந்தான் என்ற வினாவுக்கு, கிளிங்கன் சிறையில் இருந்தான் என்ற விடை நீக்கப்பட்ட காட்சிகளில் இருந்தது. திரையரங்கில் மட்டும் பார்த்தவர்களுக்கு அவ்விடை கிட்டவில்லை.

தமிழில் இதற்கு ஒப்பான நிகழ்வு அண்மையில்தான் நேர்ந்தது. சுஜாதாவின் கதையில், கடத்தப்படும் ஏவுகணையும் கணினியும் இடம்பெற்ற விக்ரம் (1986) படத்தின் பாத்திரத்தை, லோகேஷ் கனகராஜின் விக்ரம் (2022) மீட்டெடுத்தது. அது 2022 சூன் 3 அன்று திரையரங்குகளிலும் சூலை 8 அன்று இணையவழியிலும் வெளியானது. இங்கு வட்டுக்கு வேலையே இல்லாமற் போயிருந்தது. மோசர் பேயர் நிறுவனமும் 2018 ஆம் ஆண்டில் கலைப்புக்கு உத்தரவிடப்பட்டிருந்தது.

அதுவரை தமிழ்நாட்டில் தொடர் செய்யும் வேலையை நட்சத்திரமே செய்துவந்தார். மாடர்ன் தியேட்டர்ஸ் படங்களுள் மந்திரிகுமாரி, சர்வாதிகாரி, அலிபாபாவும் 40 திருடர்களும் ஆகியன எம். ஜி. ஆர். பெயரால் ஒவ்வொரு புதிய ஊடகத்திலும் இடம்பெற்றன. காட்டுக்கு அவ்வாறான நட்சத்திரமும் இல்லை, தொடர்ச்சியும் இல்லை. இப்படத்தைப் பற்றி இன்று எழுதப்படும் விமரிசனங்களும் பெரும்பாலும் ஆங்கில வடிவத்தைப் பார்த்து எழுதப்படுபவையே. எழுதுவோர் மேரி வின்சரையோ மலிவுச் செலவுப் படங்களையோ தேடி வருபவர்கள். சேலம் அவற்றில் ஓர் அடிக்குறிப்பு.

உரிமையும் படச்சுருளும்

இந்தியப் பதிப்புரிமைச் சட்டப்படி ஒரு திரைப்படத்தின் உரிமை, வெளியான ஆண்டுக்கு அடுத்த ஆண்டின் தொடக்கத்திலிருந்து 60 ஆண்டுகள் நீடிக்கும். 1952 ஆம் ஆண்டின் படங்களுக்கு இக்காலம் 2012 முடிவுடன் நிறைவடைந்தது. ஆகவே அக்காலப் படங்களை இந்தியாவில் எண்ணிம முறையில் மாற்றி வெளியிடுவதற்குத் திரைப்பட உரிமை இப்போது தடையன்று. படச்சுருள் இருப்பதே முதன்மையானது.

இதற்கு மாடர்ன் தியேட்டர்ஸ் வரலாற்றிலேயே கசப்பான எடுத்துக்காட்டு உண்டு. பாலன் படத்தின் பிரதி எதுவும் எஞ்சவில்லை. பாட்டுப் புத்தகமும் சில ஒளிப்படங்களும் மட்டுமே உள்ளன. புனேயில் தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம் நிறுவப்பட்டது 1964 ஆம் ஆண்டில், அதாவது சுந்தரம் காலமானதற்கு அடுத்த ஆண்டில். அவரது நிலையத்தின் நுழைவு வளைவு ஏற்காடு சாலையில் இன்றும் நிற்கின்றது. படப்பிடிப்புத் தளங்கள் இருந்த இடத்தில் குடியிருப்புகள் உள்ளன.