தலையிடிக்குக் காரணம் ஃபேர்னஸாக இருக்கலாம்

குளிர்காலம் வந்தால் எங்கள் வீட்டு யன்னல்கள் எல்லாம் அடைபட்டுவிடும். அம்மாவுக்குத் தலையிடி, பிள்ளைக்குச் சத்தி, அப்பம்மாவுக்குத் தலைச்சுற்று. தடிமன் பரவுகிறது என்று மல்லித்தண்ணி குடித்துவிட்டுப் படுத்துவிடுகிறோம். பெரும்பாலும் அது தடிமன்தான். ஆனால் காய்ச்சல் இல்லாமல் வீட்டில் எல்லோருக்கும் ஒரே நேரத்தில் இப்படி வந்தால், வெளியே போனதும் சுகமாகி, வீடு திரும்பியதும் மீண்டும் தொடங்கினால், ஃபேர்னஸையும் சந்தேகிக்க வேண்டும்.

எரிவாயு சரியாக எரியாதபோதும், புகைபோக்கி அடைபட்டபோதும் காபனோரொட்சைட்டு என்ற நச்சுவாயு வீட்டுக்குள் சேர்கிறது. அதற்கு நிறமும் இல்லை, மணமும் இல்லை. இரத்தத்தில் ஒட்சிசனைவிட 200 மடங்குக்கு மேல் இறுக்கமாக ஒட்டிக்கொள்ளும். விரலில் மாட்டி ஒட்சிசன் பார்க்கும் கருவியை நம்பவேண்டாம். நஞ்சேறிய நிலையிலும் அது சரியான அளவையே காட்டக்கூடும்.

2008 டிசம்பரில் ஒன்ராறியோவின் உட்ஸ்டொக் நகரில் ஒரு குடும்பத்தின் நால்வர் இந்த வாயுவால் உயிரிழந்தனர். அவர்கள் வீட்டு எரிவாயுக் கணப்பின் புகைபோக்கி அடைபட்டிருந்தது. அந்த இழப்பின் பின்னரே, எரிபொருள் சாதனம் உள்ள வீடுகளில் படுக்கையறைகளின் அருகே எச்சரிக்கைக் கருவி இருக்கவேண்டும் என்ற சட்டம் 2014இல் ஒன்ராறியோவில் நடைமுறைக்கு வந்தது. 2026 ஜனவரி 1 முதல் அத்தகைய வீடுகளில் ஒவ்வொரு மாடியிலும் கருவி தேவை. அதில் அச்சிட்டுள்ள முடிவுத் திகதியையும் பாருங்கள். பழைய கருவி சுவரில் தொங்கினாலும் பயனில்லை.

கருவி ஒலித்தால்

யன்னலைத் திறந்துகொண்டு நிற்கவேண்டாம். எல்லோரும் வெளியே வந்து 911ஐ அழையுங்கள். தீயணைப்புப் படையினர் சொல்லும்வரை உள்ளே போகக்கூடாது. எரிவாயு மணம் வந்தாலும் அப்படியே. மின்விளக்கின் சுவிச்சைக்கூடத் தொடாமல் வெளியேறி, வெளியில் நின்று அழையுங்கள்.

வீடு சூடாகாவிட்டால்

ஆளைக் கூப்பிட முன் இவற்றைப் பாருங்கள்:

1. தெர்மோஸ்டாற் வெப்பத்துக்குப் போடப்பட்டுள்ளதா? பற்றரி தீர்ந்துவிட்டதா?
2. ஃபேர்னஸின் பக்கத்தில் விளக்குச் சுவிச் போன்ற ஒன்று இருக்கும். அதை யாராவது நிறுத்திவிட்டார்களா? பிரேக்கர் விழுந்துவிட்டதா?
3. பில்ரர் தூசியால் அடைபட்டுள்ளதா? அதனை 1 முதல் 3 மாதத்துக்கு ஒருமுறை மாற்றவேண்டும்.
4. வெளிச்சுவரில் உள்ள குழாய்களைப் பனி மூடியுள்ளதா? மெதுவாக அகற்றுங்கள்.

சுவாலை நீலமாக இல்லாமல் மஞ்சளாக எரிந்தால், அல்லது கரி படிந்திருந்தால், அது எங்கள் கைவேலை அல்ல. நிறுத்திவிட்டு, ரி.எஸ்.எஸ்.ஏ. அமைப்பில் பதிவுசெய்த நிறுவனத்தை அழையுங்கள். குளிர் தாங்காமல் சமையல் அடுப்பைக் கொளுத்துவதும், கரியடுப்பை உள்ளே கொண்டுவருவதும் உயிராபத்து. 2013 டிசம்பர் பனிமழையில் ரொறன்ரோவில் மின்சாரம் நின்றபோது, கரியை வீட்டுக்குள் எரித்துப் பலர் நஞ்சேறி வைத்தியசாலைக்குப் போனார்கள்.

புதிதாக வாங்கும்போது

ஃபேர்னஸ் 15, 20 வருடம் உழைக்கும். அதன் வெப்பமாற்றி வெடித்துவிட்டால் காலம் தாழ்த்தாமல் மாற்றவேண்டும். பெரியது நல்லது என்று எண்ணாதீர்கள். அளவுக்கு மிஞ்சியது அடிக்கடி நின்று நின்று ஓடி விரைவில் தேயும். வீட்டின் வெப்ப இழப்பைக் கணக்கிட்டு அளவு சொல்பவரையே தெரிவுசெய்யுங்கள். மின்சாரத்தில் இயங்கும் ஹீற் பம்ப் எதனையும் எரிப்பதில்லை. ஆகவே அதிலிருந்து இந்த நச்சுவாயு வராது. ஆனால் கடுங்குளிருக்குத் துணைச் சூடாக்கி தேவைப்படலாம். அது எரிவாயுவில் இயங்கினால் எச்சரிக்கைக் கருவியும் தேவை.

கதவைத் தட்டி ஃபேர்னஸ் விற்பது ஒன்ராறியோவில் 2018 மார்ச் 1 முதல் தடைசெய்யப்பட்டுள்ளது. வீட்டில் தனியே இருக்கும் பெற்றோருக்கு இதைச் சொல்லிவையுங்கள்.

கடைசியாக ஒன்று. எங்கள் வீடுகளில் ஃபேர்னஸுக்கு அருகில் உறங்குபவர்கள் பேஸ்மன்ற்றில் வாடகைக்கு இருக்கும் மாணவர்களும் புதிதாக வந்த குடும்பங்களும்தான். அங்கே கருவி பொருத்திப் பராமரிப்பது வீட்டுக்காரரின் கடமை. இன்றிரவே கீழே இறங்கி, அங்குள்ள கருவியின் பொத்தானை ஒருமுறை அழுத்திப் பாருங்கள்.