ஏ.சி.க்கு வருஷா வருஷம் கேஸ் போடுறீங்களா? உஷார்!

திருவண்ணாமலை:

அக்னி தலமான திருவண்ணாமலையில் கோடை வந்தாலே அனல் பறக்கும். மே 4-ந் தேதி வாக்கில் கத்திரி வெயிலும் தொடங்கிவிட்டால் கேட்கவே வேண்டாம். பகலெல்லாம் காய்ந்த மொட்டை மாடி, ராத்திரி நெடுநேரம் வரை வீட்டுக்குள் சூட்டைக் கக்கிக் கொண்டிருக்கும்.

கலெக்டர் ஆபீஸ் இருக்கும் வேங்கிக்காலில் ஏ.சி. என்பது ஒரு காலத்தில் வசதியானவர்கள் சமாச்சாரம். இப்போது மாதத் தவணையில் வாடகை வீட்டுக்கும் வந்துவிட்டது. வாங்குவது சுலபம். வாங்கிய பிறகுதான் பலரும் காசை விடுகிறார்கள்.

குளுமை குறைந்ததும் மெக்கானிக்குக்கு போன் போகும். வந்தவர் மீட்டரை மாட்டிப் பார்த்துவிட்டு 'கேஸ் இறங்கிடுச்சு' என்பார். ஆயிரக்கணக்கில் போய்விடும். தினக்கூலிக்காரருக்கு அது பல நாள் சம்பளம். அடுத்த கோடையிலும் அதே ஏ.சி., அதே பதில், அதே செலவு.

கேஸ் தீருமா?

தீராது. ஏ.சி. கேஸ், பெட்ரோல் மாதிரி எரிந்து தீர்கிற சரக்கு இல்லை. மூடிய குழாய்க்குள் சுற்றிச் சுற்றி வருவது. ரூமுக்குள் இருக்கும் காயிலில் சூட்டை உறிஞ்சி ஆவியாகும். வெளியே இருக்கும் பெட்டியில் கம்பிரசர் அதை அழுத்த, சூட்டை வெளியே விட்டுவிட்டு மறுபடி திரவமாகும். கசிவு இல்லையென்றால் பத்து வருஷம் ஆனாலும் அதே கேஸ்தான் ஓடும்.

குறைந்திருக்கிறது என்றால் எங்கோ கசிகிறது. அதைக் கண்டுபிடிக்காமல் கேஸ் மட்டும் ஏற்றுவது, பஞ்சரான டியூபுக்குக் காற்று அடிக்கிற கதைதான்.

கசிவு பெரும்பாலும் குழாய் இணைகிற நட்டுகளில் இருக்கும். அங்கே எண்ணெய்ப் பசை தெரிந்தால் சந்தேகப்படலாம். சோப்பு நுரை தடவினால் முட்டை விடும். சின்ன ஓட்டை என்றால் நைட்ரஜன் ஏற்றி, அழுத்தம் இறங்குகிறதா என்று பார்ப்பார்கள். ஓட்டையை அடைத்த பிறகு பம்ப் வைத்துக் குழாயில் உள்ள காற்றையும் ஈரத்தையும் உறிஞ்ச வேண்டும். அப்புறம்தான் கேஸ். அதுவும் குத்துமதிப்பாக இல்லை. வெளிப்பெட்டியில் ஒட்டிய தகட்டில் எத்தனை கிராம் என்று போட்டிருக்கும். தராசில் வைத்து அந்த அளவுதான் ஏற்ற வேண்டும். பத்து நிமிஷத்தில் வேலையை முடித்துவிட்டுக் கிளம்புகிறவர் இதில் பாதியைச் செய்யவில்லை என்று வைத்துக் கொள்ளலாம்.

வெளிப்பெட்டியை சாக்கடைக்கு மேலேயோ, செப்டிக் டேங்க் பக்கத்திலேயோ மாட்டினால் அந்த வாயு செம்புக் குழாயை அரித்துவிடும். சந்து வீடுகளில் வேறு இடம் கிடைப்பதில்லை, வாஸ்தவம்தான். முடிந்தவரை மாடிக்கு ஏற்றிவிடுவது நல்லது.

ஃபில்டரில் குப்பை

குளுமை குறைந்தால் உடனே கேஸைச் சந்தேகப்பட வேண்டியதில்லை. உள்பெட்டி மூடியைத் திறந்தால் இருக்கும் வலைதான் ஃபில்டர். ரோட்டோர வீடுகளில் ரெண்டே வாரத்தில் தூசி அப்பிவிடும். காற்று போகாமல் காயிலில் ஐஸ் கட்டி, தண்ணீரும் ஒழுகும். குழாயடியில் அலசி, நிழலில் உலர்த்தி மாட்ட வேண்டும். இதற்கு மெக்கானிக் தேவையே இல்லை.

வெளிப்பெட்டியில் ஃபேன் சுற்றுகிறது, ஆனால் கம்பிரசர் ஓடவில்லை என்றால் பழைய மாடல்களில் கெபாசிட்டர் போயிருக்கலாம். சீலிங் ஃபேனுக்கு 'கண்டென்சர்' என்று கேட்டு வாங்குவோமே, அந்த இனம்தான். கேஸ் செலவோடு பார்த்தால் இது சில்லறைக் காசு.

எந்த கேஸ்?

பழைய ஏ.சி.களில் இருப்பது ஆர்-22. ஓசோன் படலத்தைக் கெடுப்பதால் புது ஏ.சி. தயாரிப்பில் இதைப் பயன்படுத்துவது இந்தியாவில் 2025-ல் இருந்து நிறுத்தப்பட்டுவிட்டது. புதியவற்றில் அதிகம் வருவது ஆர்-32. இது ஓரளவு தீப்பிடிக்கும். ஆர்-290 என்றால் புரோப்பேன், சமையல் கேஸ் ஜாதி. தகட்டில் உள்ள கேஸைத் தவிர வேறு எதையும் ஏற்ற விடக்கூடாது. வேலை நடக்கும்போது ஜன்னல் திறந்திருக்க வேண்டும், பீடி, சிகரெட் கூடவே கூடாது.

2019 மே மாதம் திண்டிவனத்தில் ஒரே குடும்பத்தில் 3 பேர் பலியானபோது, ஏ.சி. வெடித்ததாகவே முதலில் செய்தி பரவியது. பிறகு போலீஸ் விசாரணையில் அது கொலை வழக்காக மாறியது. ஆனால் அந்தப் பீதியில் ஏ.சி.யை அணைத்தவர்கள் ஏராளம். வீடுகளில் அதிகம் பயப்பட வேண்டியது ஒயரிங்குக்குத்தான். டி.வி., மிக்சி ஓடுகிற லைனிலேயே ஏ.சி.யையும் மாட்டினால் ஒயர் சூடாகி உருகும். ஒன்றரை டன் ஏ.சி.க்கு 4 சதுர மி.மீ. காப்பர் ஒயரில் தனி லைன், தனி எம்.சி.பி., சரியான எர்த் வேண்டும். பிளக் கையைச் சுட்டாலோ, கருகிய வாடை வந்தாலோ அப்போதே ஆஃப் செய்ய வேண்டும்.

கரண்ட் பில்

18-ல் வைத்தால் சீக்கிரம் குளிரும் என்று பலர் நினைக்கிறார்கள். சாதாரண ஏ.சி. எந்த நம்பரில் வைத்தாலும் ஒரே வேகத்தில்தான் குளிர்விக்கும், நிற்காமல் ஓடிப் பில்லைத்தான் ஏற்றும். ஒரு டிகிரி கூட்டி வைத்தால் சுமார் 6 சதவீத மின்சாரம் மிச்சம் என்கிறது மத்திய அரசின் எரிசக்தி திறன் அமைப்பு. 2020 ஜனவரி முதல் வரும் ஏ.சி.கள் ஆன் செய்ததும் 24-ல் நிற்பது அதனால்தான். 26-ல் வைத்து மெதுவாக ஃபேனையும் போட்டால் தூக்கம் வராமல் போகாது.

மேல் மாடி வீடு என்றால் புது ஏ.சி.க்குப் பணம் கட்டும் முன் மொட்டை மாடிக்கு வெள்ளைச் சுண்ணாம்போ, வெள்ளை பெயிண்டோ அடித்துப் பார்க்கலாம். வெயிலில் பெரும் பங்கு திரும்பிப் போய்விடும்.

ஏர்கூலர் வைத்திருப்பவர்கள் ஏ.சி. மாதிரி ஜன்னலைச் சாத்தக்கூடாது. ஈரக்காற்று வெளியேறாவிட்டால் புழுக்கம்தான் மிஞ்சும். போர் தண்ணீர் ஊற்றினால் பேடில் உப்பு படியும். தொட்டித் தண்ணீரை வாரம் ஒருமுறை கொட்டித் தேய்த்துக் கழுவாவிட்டால் டெங்கு கொசு முட்டையிடும்.

கேஸ் போட்டே ஆகவேண்டும் என்றால், எங்கே கசிந்தது, எந்த கேஸ், எத்தனை கிராம் என்று பில்லில் எழுதி வாங்குங்கள். தேதியையும் சேர்த்து வெளிப்பெட்டி மேலேயே ஒரு ஸ்டிக்கர் ஒட்டிவிட்டால், அடுத்த கோடையில் வருகிற மெக்கானிக்கிடம் அதைக் காட்டிக் கேள்வி கேட்கலாம்.