வெட்டி, வழிவிட்டு, ஒட்டும் நொதி

சிப்ரோஃப்ளாக்சசின் மாத்திரையைப் பாலோடும், வயிற்றெரிச்சலுக்குக் குடிக்கும் ஆன்டாசிட்டோடும் சேர்த்துச் சாப்பிடக் கூடாது என்பார்கள். பாலின் கால்சியமும் ஆன்டாசிட்டின் மக்னீசியமும் அலுமினியமும் மருந்தைப் பற்றிக்கொள்ளும். ரத்தத்தில் கலக்க வேண்டிய மருந்தில் கணிசமான பங்கு குடலோடு வீணாகிவிடும். உலோக அயனியைக் கண்டால் ஒட்டிக்கொள்ளும் இந்தக் குணம் மருந்தின் குறைபோலத்தான் தோன்றும். ஆனால் அந்த மருந்து பாக்டீரியாவைக் கொல்வதே இந்தக் குணத்தால்தான். அது எப்படி என்பதை அறிய, மருந்து போய் உட்காரும் நொதியின் உருவத்தைப் பார்க்க வேண்டும். அதன் பெயர் டி.என்.ஏ. கைரேஸ்.

நம் குடலில் வாழும் ஈ.கோலை பாக்டீரியாவின் நீளம், ஒரு மில்லிமீட்டரில் ஏறத்தாழ ஐந்நூறில் ஒரு பங்கு. அதற்குள் கிடக்கும் டி.என்.ஏ.வை நீட்டினால் ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் வரும். ஏணிபோல் 46 லட்சம் படிகள் கொண்ட, முனையே இல்லாத வளையம் அது. பத்தரைப் படிக்கு ஒரு சுற்று வீதம் அதன் இரண்டு இழைகளும் ஒன்றையொன்று நான்கு லட்சம் முறைக்கு மேல் சுற்றியிருக்கின்றன. செல் இரண்டாகப் பிரிவதற்குள் இத்தனை சுற்றையும் பிரித்து, ஒவ்வோர் இழைக்கும் புதுத் துணையிழை கட்டியாக வேண்டும். நகலெடுக்கும் இயந்திரம் வினாடிக்கு ஆயிரம் படி என்ற வேகத்தில் ஓடுகிறது. இரட்டைப் புரிக் கயிற்றின் நடுவில் விரலைவிட்டுப் பிரித்துக்கொண்டே போனால், முன்னால் உள்ள பகுதி இறுகி முண்டுமுண்டாகச் சுருண்டுகொள்ளும் அல்லவா? டி.என்.ஏ.வுக்கும் அதே கதிதான். கயிறு என்றால் மறுமுனையைச் சுழலவிட்டுச் சமாளிக்கலாம். வளையத்தில் அதற்கு வழியில்லை.

வாட்சனும் கிரிக்கும் 1953இல் இரட்டைச் சுருளை அறிவித்த மறு ஆண்டே இயற்பியலாளர் மாக்ஸ் டெல்ப்ரூக் இந்தச் சிக்கலைச் சுட்டிக்காட்டினார். இழையை வெட்டி, மறுபடி ஒட்டினால்தான் ஆகும் என்றும் சொன்னார். அப்படிச் செய்யும் நொதி ஒன்றை 1971இல் ஜேம்ஸ் வாங் ஈ.கோலையிலேயே கண்டார். அது ஒற்றை இழையை மட்டும் வெட்டி முறுக்கைத் தளர்த்தும்.

கைரேஸ் அகப்பட்டது வேறு தேடலில். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் மார்ட்டின் கெல்லர்ட் குழுவினர், லாம்டா என்ற வைரஸ் தன் டி.என்.ஏ.வைப் பாக்டீரியாவின் டி.என்.ஏ.வுக்குள் எப்படிச் செருகுகிறது என்று சோதனைக் குழாயில் பார்த்துக்கொண்டிருந்தார்கள். முறுக்கேறிய டி.என்.ஏ. இருந்தால்தான் வேலை நடந்தது. ஆனால் பாக்டீரியாவின் சாறும், செல்லின் எரிபொருளான ஏ.டி.பி.யும் சேர்ந்தால் தளர்ந்த டி.என்.ஏ.வும் போதுமாக இருந்தது. அப்படியானால் சாற்றுக்குள் ஏதோ ஒன்று முறுக்கேற்றுகிறது! 1976இல் அதைப் பிரித்தெடுத்தார்கள். முறுக்கைத் தளர்த்துவது எளிது. எரிபொருளைச் செலவழித்து எதிர்த்திசையில் முறுக்குவது கடினம். கைரேஸ் செய்வது இந்தக் கடினமான வேலையைத்தான். எதிர்முறுக்கு ஏறிய டி.என்.ஏ.வைப் பிரிப்பது சுலபம் என்பதால் பாக்டீரியா எப்போதும் அந்த நிலையிலேயே அதை வைத்திருக்கிறது.

கைரேஸின் உடல் நான்கு புரதத் துண்டுகளால் ஆனது: ஏ இரண்டு, பி இரண்டு. மேலே, நடுவில், கீழே என்று மூன்று வாசல்கள். டி.என்.ஏ.வின் ஒரு பகுதி நடுவாசலில் குறுக்கே படிகிறது. ஏ துண்டுகளின் வால்பகுதி சக்கரம்போன்றது. அதைச் சுற்றி டி.என்.ஏ. எப்போதும் ஒரே திசையில் வளைந்து திரும்பி, தன் இன்னொரு பகுதியை மேல்வாசலுக்குக் கொண்டுவருகிறது. நொதி தழுவிக்கொள்ளும் நீளம் மொத்தம் 130 படி அளவு. ஏ.டி.பி. வந்து அமர்ந்ததும் மேல்வாசல் மூடுகிறது. நடுவில் கிடக்கும் பகுதியின் இரண்டு இழைகளும் நான்கு படி இடைவெளியில் வெட்டுப்படுகின்றன. அந்தப் பிளவின் வழியே மேலிருந்த பகுதி இறங்கி, கீழ்வாசலால் வெளியேறுகிறது. வெட்டு மறுபடி ஒட்டப்படுகிறது. ஒரு தடவைக்கு இரண்டு சுற்று என்ற கணக்கில் முறுக்கு மாறுகிறது. இப்படி இரண்டிரண்டாகத்தான் மாறும் என்று 1979இல் காட்டியவர்கள் பேட்ரிக் பிரவுனும் நிக்கோலஸ் கோசரெல்லியும். இறைச்சியில்லாத பர்கர் விற்கும் இம்பாசிபிள் ஃபுட்ஸ் நிறுவனத்தைப் பிற்காலத்தில் தொடங்கியவர் அதே பிரவுன்தான்.

இரண்டு இழையையும் ஒருசேர வெட்டுவது உயிரோடு விளையாடுவது. முனைகள் நழுவிப்போனால் செல் பிழைப்பது கடினம். அதனால் வெட்டுப்பட்ட முனைகளைக் கைரேஸ் ஒரு கணமும் விடுவதில்லை. ஏ துண்டின் 122ஆவது இடத்தில் உள்ள டைரோசின் என்ற அமினோ அமிலம், முனையோடு வேதிப்பிணைப்பிலேயே கட்டுண்டு நிற்கிறது. வெட்டுவதும் பிடிப்பதும் ஒரே வினை.

உருவம் துண்டுதுண்டாகத்தான் தெரியவந்தது. யார்க் பல்கலைக்கழகத்தில் 1991இல் பி துண்டின் ஒரு பாதியைப் படிகமாக்கி எக்ஸ் கதிரில் பார்த்தபோது, நடுவே டி.என்.ஏ. நுழையும் அளவில் ஒரு துளை தெரிந்தது. 1997இல் ஏ துண்டின் பெரும்பகுதி தெரிந்தது. ஆடிக்கொண்டே இருக்கும் உறுப்புகள் இருப்பதால் முழு நொதி படிகமாக மறுத்தது. ஈ.கோலை கைரேஸ் முழுவதையும் டி.என்.ஏ.வோடு சேர்த்துத் தெளிவாகக் காட்டும் படம், கிரையோ எலக்ட்ரான் நுண்ணோக்கியின் உதவியால் 2019இல்தான் வந்தது.

மருந்து மட்டும் இவற்றுக்கெல்லாம் முந்தியது. குளோரோகுயின் தயாரிப்பில் கிடைத்த துணைப்பொருளிலிருந்து பிறந்த நாலிடிக்சிக் அமிலத்தின் விவரம் 1962இல் வெளியானது. அது தாக்கும் கைரேஸைக் கண்டுபிடிக்க இன்னும் 14 ஆண்டு ஆனது. சிப்ரோஃப்ளாக்சசினும் அதன் உறவு மருந்துகளும் அந்த வழிவந்தவை. இவை நொதியை வெறுமனே நிறுத்துவதில்லை. வெட்டிய நிலையிலேயே உறையவைக்கின்றன. வெட்டுவாயில் மருந்து செருகிக்கொள்வதால் ஒட்டும் வேலை நடக்காது. நகலெடுக்கும் இயந்திரம் வந்து மோதும்போது டி.என்.ஏ. சிதறும். மருந்தை அங்கே பிடித்து நிறுத்துவது ஒரு மக்னீசியம் அயனியும் அதைச் சூழ்ந்த சில நீர் மூலக்கூறுகளும். பாலில் கால்சியத்தைப் பற்றும் அதே பகுதியால்தான் மருந்து இந்த மக்னீசியத்தைப் பற்றுகிறது. அயனியும் நீரும் சேர்ந்த இந்தப் பாலத்தின் மறுபக்கத்தைத் தாங்குபவை, ஈ.கோலை கணக்கில் 83ஆம் இடத்துச் செரினும் 87ஆம் இடத்து அமில அமினோ அமிலமும். இந்த 83ஆம் இடம் மாறினால் பாலம் ஆட்டம் காண்கிறது. நொதியின் சொந்த வேலையோ தடைபடாமல் நடக்கிறது. தெற்காசியாவில் டைபாய்டு கிருமிகளிடம் இந்த மாற்றம் பரவிவிட்டது. அதனால்தான் ஒருகாலத்தில் டைபாய்டைச் சட்டென்று தணித்த சிப்ரோஃப்ளாக்சசினை இன்று நம்ப முடிவதில்லை.

கைரேஸைக் குறிவைப்பது மனிதன் மட்டுமல்ல. கரும்பில் இலைச்சுட்டு நோயைத் தரும் பாக்டீரியா அல்பிசிடின் என்ற நஞ்சைச் சுரக்கிறது. பச்சையத்தைத் தாங்கும் பசுங்கணிகம் ஆதியில் ஒரு பாக்டீரியா என்பதால் அதற்குள்ளும் கைரேஸ் உண்டு. அதை நஞ்சு முடக்கும்போது இலையில் வெள்ளைக் கோடுகள் ஓடுகின்றன. அல்பிசிடின் கைரேஸில் எப்படிப் பொருந்துகிறது என்ற படம் 2023இல் கிடைத்திருக்கிறது. மனிதர் தரப்பிலோ, கைரேஸில் சிப்ரோஃப்ளாக்சசின் அமரும் இடத்தை விட்டு வேறு இடத்தில் ஒட்டும் ஜெபோடிடாசின் என்ற மாத்திரைக்கு 2025 மார்ச்சில் அமெரிக்கா அனுமதி தந்தது, பெண்களின் சிறுநீர்ப் பாதைத் தொற்றுக்காக.

இந்தியாவுக்கு இதில் தனிக் கவலை காசநோய். மற்றப் பல பாக்டீரியாக்களிடம் கைரேஸுக்கு டோபோஐசோமரேஸ் 4 என்ற உடன்பிறப்பு உண்டு. காசநோய்க் கிருமிக்கு அது இல்லை, எல்லா வேலைக்கும் கைரேஸ் ஒன்றுதான். மருந்துக்கு மசியாத காசநோய்க்கு 2024இல் மத்திய அரசு ஏற்றுக்கொண்ட ஆறுமாதச் சிகிச்சையின் நான்கு மருந்துகளில் ஒன்றான மாக்சிஃப்ளாக்சசின் குறிவைப்பது அதையே. இருமலுக்கு இந்தக் குடும்பத்து மாத்திரையைக் கடையில் கேட்டு வாங்கி நாலு நாள் விழுங்கினால் காசநோய் சற்று அடங்கியதுபோல் தோன்றும். கண்டுபிடிப்பது தள்ளிப்போகும், அதற்குள் கிருமி மருந்தை எதிர்க்கவும் பழகலாம். இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் மாத்திரைக்கு முன் சளிப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள்; அரசு மருத்துவமனைகளில் அதற்குக் கட்டணம் இல்லை.