டோக்கன் கொடுப்பதற்கு முன்னால்

"சார், இன்னொரு பார்ட்டி நாளைக்குக் காலையில அட்வான்ஸ் போடறாங்க. இன்னிக்கே ஒரு அம்பதாயிரம் டோக்கன் போட்டுட்டீங்கன்னா வீடு உங்களுக்குத்தான்."

சென்னையிலோ கோவையிலோ வீடு தேடி அலைபவர்களில் இந்தப் பேச்சைக் கேட்காதவர் அரிது. அந்த இன்னொரு பார்ட்டி சில சமயம் நிஜமாகவே இருப்பார், பல சமயம் இருக்க மாட்டார். எப்படி இருந்தாலும் நீங்கள் செய்ய வேண்டியது மாறாது. வாங்குபவரின் பலமெல்லாம் முதல் பணம் கைமாறும் வரைக்கும்தான். அதுவரை ஓனர் உங்களைத் தேடி வருவார். அதன் பிறகு காகிதத்துக்கும் பணத்துக்கும் நீங்கள்தான் அவரைத் தேடிப் போக வேண்டும். வாழ்நாள் சேமிப்பை இப்படி ஒரு மாலை நேர அவசரத்தில் சிக்கவைத்தவர்கள் பலர். அவர்களில் பெரும்பாலோருக்குச் சட்டம் துணை நின்றிருக்கும், கையில் ஒரு சீட்டு இருந்திருந்தால்.

புரோக்கர் பெரும்பாலும் இரண்டு பக்கமும் கமிஷன் வாங்குகிறார். அது சதவீதக் கணக்கில் என்பதால் விலை கூடினால் அவருக்கும் கூடும். ஆகவே, "உங்க கடைசி ரேட் சொல்லுங்க, நான் பேசி முடிக்கிறேன்" என்று கேட்டால் அந்தத் தொகையைச் சொல்லிவிடாதீர்கள். நீங்கள் சொல்லும் விலை அடுத்த நிமிடம் ஓனரிடம் போய்விடும் என்று வைத்துக்கொண்டே பேசுங்கள். இன்னொரு பழக்கமும் உண்டு: ஓனர் கேட்பது 70 லட்சம், உங்களிடம் சொல்லப்படுவது 75 லட்சம். 'மேல வெச்சு விக்கிறது' என்பார்கள். ஓனரை நேரில் சந்தித்து விலை பேசினால் இது நடக்காது. சந்திக்கவே விடாமல் சாக்குச் சொல்லும் புரோக்கரை விட்டு விலகுவதே நல்லது. பழைய வீட்டு விற்பனைக்கு இத்தனை சதவீதம்தான் கமிஷன் என்று தமிழ்நாட்டில் சட்டம் எதுவும் வரையறுக்கவில்லை, பேசியதுதான் கணக்கு. எவ்வளவு, எப்போது என்பதை வீடு பார்க்கத் தொடங்கும்போதே வாட்ஸ்அப்பில் எழுதி அவர் ஒப்புதலையும் வாங்கிவிடுங்கள். பத்திரம் பதிவாகும் அன்று கொடுப்பதாக இருக்கட்டும்.

புதிய அடுக்குமாடி, மனைப்பிரிவு என்றால் நிலைமை வேறு. 2016ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டப்படி, 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட நிலத்திலோ எட்டு வீடுகளுக்கு மேலோ அமையும் திட்டம் ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறை ஆணையமான ரெராவில் பதிவாக வேண்டும். அதை விற்றுக்கொடுக்கும் முகவரும் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவில்லாமல் விற்றுக்கொடுக்கும் முகவருக்கு நாளொன்றுக்கு 10,000 ரூபாய் வீதம் அபராதம் உண்டு. கட்டுநர் உங்களிடம் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் வாங்க வேண்டுமானால், முதலில் விற்பனை ஒப்பந்தத்தை எழுதிப் பதிவு செய்தாக வேண்டும். ஆனால் தனி ஆள் ஒருவர் தன் பழைய வீட்டை விற்கும்போது இந்தச் சட்டம் அந்தப் புரோக்கரைத் தொடாது. 'ரெரா ஏஜென்ட்' என்று அட்டை நீட்டுகிறாரே என்ற நம்பிக்கையில் பழைய வீட்டுக்குப் பணம் கொடுப்பவர்கள் இதைத் தெரிந்துகொள்ள வேண்டும்.

விலை சொல்வதற்கு முன் பதிவுத்துறை இணையதளத்தில் அந்தச் சர்வே எண்ணுக்கு வில்லங்கம் போட்டுப் பாருங்கள். இணையத்தில் பார்க்கக் கட்டணம் இல்லை. அதே எண்ணில் அண்மையில் நடந்த கிரையங்களின் தொகையும் அதில் இருக்கும். பத்திரத்தில் குறைத்துக் காட்டியிருக்க வாய்ப்புண்டு என்றாலும், கையில் ஏதோ ஓர் அளவு கிடைக்கும். முத்திரைத் தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம் என்பதையும் சேர்த்துத்தான் உங்கள் விலையை முடிவு செய்ய வேண்டும்.

வில்லங்கச் சான்று சுத்தமாக இருந்தால் சொத்தும் சுத்தம் என்று பலர் நினைக்கிறார்கள். பதிவான ஆவணங்களை மட்டுமே அது காட்டும். பதிவாகாத உயில், நடந்துகொண்டிருக்கும் வழக்கு, அசல் பத்திரத்தைத் தனியாரிடம் அடகு வைத்து வாங்கிய கைக்கடன் எதுவும் அதில் தெரியாமல் போகலாம். தாய்ப்பத்திரம் தொட்டு அசல் எல்லாவற்றையும் கண்ணால் பார்க்க வேண்டும். ஜெராக்ஸ் மட்டும் காட்டினால் அசல் எங்கே என்று கேளுங்கள்.

இவை எல்லாவற்றையும்விட அதிகம் கவனிக்க வேண்டியது வாரிசு. அப்பா உயில் எழுதாமல் இறந்துபோன வீட்டை மகன்கள் மட்டும் விற்க வருவது நம் ஊரில் சாதாரணம். "தங்கச்சிக்குக் கல்யாணத்துலயே நகை போட்டு அனுப்பிட்டோம்" என்பார்கள். 1956ஆம் ஆண்டின் இந்து வாரிசுரிமைச் சட்டப்படி, அப்பா சம்பாதித்த சொத்தில் மகளுக்கும் மகனுக்கும் சம பங்கு. நகை போட்டதால் அது போய்விடாது. வாரிசுச் சான்றில் உள்ள ஒவ்வொருவரும், தாய் உட்பட, கையெழுத்துப் போட வேண்டும், அல்லது பதிவான விடுதலைப் பத்திரம் இருக்க வேண்டும். இது உங்கள் பாதுகாப்புக்காக மட்டுமன்று, அந்தப் பெண்ணின் உரிமைக்காகவும்தான். பவர் வைத்து விற்பவரானால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருக்கிறாரா என்று உறுதிசெய்து, அதை ரத்து செய்துவிட்டாரா என்று அவரிடமே நேரில் விசாரியுங்கள். வெறும் பவர் பத்திரத்தால் உரிமை கைமாறாது என்று 2011இல் உச்ச நீதிமன்றம் தெளிவாகச் சொல்லிவிட்டது.

பிறகுதான் டோக்கன். அதை ஓனரின் வங்கிக் கணக்குக்கு அனுப்புங்கள். புரோக்கரின் கையில் கொடுக்க வேண்டாம். ரசீதில் சொத்து விவரம், பேசிய மொத்த விலை, ஒப்பந்தம் போடும் கெடு மூன்றும் வேண்டும். ஆவணத்தில் குறை இருந்தாலோ வங்கி கடன் மறுத்தாலோ முழுத் தொகையும் இத்தனை நாளில் திரும்பும் என்ற வரியும், ஓனரின் கையெழுத்தும் கட்டாயம். கையெழுத்துப் போடத் தயங்குபவரிடம் பணத்தை ஒப்படைக்கக் கூடாது. ரொக்கமாகக் கேட்டால், வீட்டுக்கான முன்பணத்தை 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாக வாங்கினால் வாங்கியவருக்கு அதே அளவு அபராதம் விழக்கூடும் என்று எடுத்துச் சொல்லுங்கள். 2015 ஜூன் முதல் வருமான வரிச் சட்டம் அப்படித்தான் இருக்கிறது. கறுப்பில் கொடுத்த பணத்தைப் பேச்சு முறிந்தபின் கொடுத்ததாக நிரூபிப்பது மிகக் கடினம். விலை 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால் 1 சதவீதத்தைப் பிடித்து வரியாகச் செலுத்தும் பொறுப்பு உங்களுடையது. விற்பவர் வெளிநாட்டில் குடியிருப்பவர் என்றால் பிடித்தம் இதைவிட மிக அதிகம், ஆடிட்டரைக் கேட்காமல் இறங்காதீர்கள்.

தமிழ்நாட்டில் 2012 டிசம்பர் முதல் தேதியிலிருந்து கிரைய ஒப்பந்தத்தைப் பதிவு செய்வது கட்டாயம். செலவை மிச்சப்படுத்த வெறும் முத்திரைத் தாளில் எழுதி வைத்துக்கொள்வதால் ஓனர் அதே வீட்டை வேறொருவருக்கு விற்க வழி பிறக்கிறது. பதிவான ஒப்பந்தம் வில்லங்கத்தில் ஏறும். அடுத்து வருபவர் கண்ணில் படும்.

பேச்சு முறிந்தால்? பின்வாங்கியது நீங்களே ஆனாலும், கொடுத்த எல்லாமே ஓனருக்குச் சொந்தமாகிவிடாது. ஒப்பந்தத்தை நிறைவேற்றுவேன் என்ற உறுதிக்காகக் கொடுத்த தொகையை, ஒப்பந்தத்தில் தெளிவாக எழுதியிருந்தால் மட்டுமே பிடித்துக்கொள்ளலாம்; விலையின் ஒரு பகுதியாகக் கொடுத்ததை அப்படிப் பிடிக்க முடியாது என்பது உச்ச நீதிமன்றத்தின் நிலை. பின்வாங்கியது ஓனர் என்றால், கிரையம் செய்துதரச் சொல்லி ஒப்பந்தக் கெடுவிலிருந்து மூன்று ஆண்டுக்குள் உரிமையியல் நீதிமன்றத்தில் வழக்குப் போடலாம். மூன்று ஆண்டு இருக்கிறதே என்று உட்கார்ந்துவிடாதீர்கள். மீதிப் பணத்தோடு தயாராக இருந்தேன் என்பதை நீங்கள்தான் காட்ட வேண்டும். உடனே வக்கீல் நோட்டீஸ் அனுப்பினால் அதுவே சாட்சி. மாற்றாக முன்பணத்தையாவது திருப்பித் தர உத்தரவிட வேண்டும் என்ற கோரிக்கையையும் மனுவிலேயே எழுதச் சொல்லுங்கள். கேட்காத நிவாரணத்தை நீதிமன்றம் தானாகத் தராது.

கமிஷன் வாங்கிக்கொண்டு உண்மையை மறைத்த புரோக்கர் மீது இரண்டு ஆண்டுக்குள் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் புகார் செய்யலாம்; 1915 என்ற எண்ணில் வழிகாட்டுவார்கள். பதிவு பெற்ற திட்டம் என்றால் தமிழ்நாடு ரெராவிடம் போகலாம். ஒரே வீட்டை இருவருக்கு விற்றது, போலிப் பத்திரம் காட்டியது போன்றவை குற்றம், காவல்துறையில் எழுத்து மூலம் புகார் கொடுங்கள். வக்கீல் வைக்க வசதியில்லாத பெண்களும் பட்டியல் சாதி, பழங்குடி மக்களும் வருமானக் கணக்குக் காட்டாமலே மாவட்டச் சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் இலவச உதவி பெறலாம். அதற்கான எண் 15100.